நின்றுபோன தொடர்களும் ரசிகர்கள் ஒட்டிய பாட்டுப் படங்களும்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் கோயில், குளம், பழைய அலுவலகக் கதை என்று எழுதுகிறவன் இந்த முறை டிவி சீரியலுக்கு வந்துவிட்டேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதுவும் சரித்திரம்தான். ஐம்பது ஆண்டு வயதான சரித்திரம். நம்மில் பலர் சின்ன வயதில் செய்த ஒரு விளையாட்டோடு நேரடியாக உறவுள்ள சரித்திரம்.

விஷயம் இதுதான். தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடர் பாதியில் நிறுத்தப்படுகிறது. கதாநாயகனும் நாயகியும் சேர்ந்தார்களா, காணாமல் போன மகன் திரும்பி வந்தானா என்று தெரியாமலே போய்விடுகிறது. அப்போது அந்தத் தொடரின் ரசிகர்கள் சிலர், ஏற்கெனவே வந்த பகுதிகளிலிருந்து தங்களுக்குப் பிடித்த காட்சிகளை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, அதன் தாளத்துக்கும் வரிகளுக்கும் பொருத்தமாக அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டுகிறார்கள். மூன்று, நான்கு நிமிடங்களில் ஒரு பாட்டுப் படம் தயார். அமெரிக்கர்கள் இதை 'விட்' என்றார்கள். வட இந்தியாவில் 'வி.எம்.' என்று பெயர். நம் பேரப்பிள்ளைகள் சுருக்கமாக 'எடிட்' என்கிறார்கள்.

திரைப்படத் துறையில் இதற்கு 'மாண்டேஜ்' என்று ஒரு சொல் உண்டு. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்குத் தெரியும். பெரிய கலைச்சொல் ஒன்றுமில்லை. ஏறுவது, ஏற்றிவைப்பது, பூட்டிச் சேர்ப்பது என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர். மெக்கானிக் ஷெட்டில் கழற்றிப்போட்ட பாகங்களைத் திரும்பப் பூட்டுவதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு ஓடுகிற வண்டி ஒன்றைப் பூட்டுவது. இந்த ரசிகர்கள் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

தொடர்கதையும் கத்தரிக்கோலும்

தொடராக வரும் கதைக்கு ஏங்கிக் கிடப்பது டிவியோடு வந்த நோய் அல்ல. பாரிஸில் 1842-43இல் யூஜின் சூ என்பவர் ஒரு நாளிதழில் 'பாரிஸ் மர்மங்கள்' என்ற தொடர்கதையை எழுதினார். அவருக்கு வந்த வாசகர் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன. கதாபாத்திரங்களை உயிருள்ள மனிதர்களாகவே நினைத்து எழுதிய கடிதங்கள் அவற்றில் உண்டு. நாளிதழின் அடிப்பகுதியில் வந்த அந்தத் தொடர்கதைக்கு வைத்த பெயரையே பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு டிவி சீரியலுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

நம் வீடுகளில் மட்டும் என்ன? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தபோது, பக்கங்களைக் கத்தரித்து எடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைத்த குடும்பங்கள் எத்தனை! நடுவில் பாதிப் பக்கம் விளம்பரம், ஓரத்தில் ஒரு ஜோக்கு, மணியம் போட்ட படம் என்று அந்த பைண்டு புத்தகங்களுக்குத் தனி வாசனையே உண்டு. வெளியிட்டவர்கள் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளாமல், வெட்டி, சேர்த்து, தனக்கென்று ஒரு பிரதி செய்துகொள்வது நம்மவர்களுக்குப் பழகிய வேலை.

தொடர் பாதியில் நிற்கும் துக்கமும் நமக்குப் பழகியதுதான். 1954 டிசம்பர் 5ஆம் தேதி கல்கி மறைந்தபோது 'அமர தாரா' முடியாமல் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். எழுதியவர் இல்லாவிட்டாலும் எழுதிமுடிக்க வீட்டில் ஒரு ஆள் இருந்தது அந்த வாசகர்களின் அதிர்ஷ்டம். தொலைக்காட்சித் தொடரை ஒரு சானல் நிறுத்திவிட்டால் முடித்துவைக்க அப்படி ஒரு மகள் கிடையாது. பணம் போட்டவர் கையைக் கழுவிவிடுவார். நடிகர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். நின்றுபோன தொடருக்கு அந்த மீதியே கிடையாது. அதனால்தான் ரசிகர்கள் முதல் பாதியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

குண்டு பல்பும் பிலிம் துண்டும்

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன விளையாட்டு. பியூஸ் போன குண்டு பல்பின் பின்பக்கத்தைப் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கும் கம்பியை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பினால் அது ஒரு லென்ஸ். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலைத் திருப்பி, கதவு ஓட்டை வழியாக இருட்டு அறைக்குள் அனுப்புவான். உள்ளே பல்புக்கு முன்னால் பிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால், எதிரே கட்டிய வேட்டியில் எம்.ஜி.ஆர். நிமிர்ந்து நிற்பார். காரைக்காலில் நாங்கள் செய்தோம். தாடிக்கொம்பில் என் வயது நண்பர்களைக் கேட்டால் அவர்களும் இங்கே அதையே செய்திருக்கிறார்கள். படம் அறுந்தபோது ஆபரேட்டர் ஒட்டுவதற்காக வெட்டி எறிந்த துண்டுகள்தான் நமக்கு மூலப்பொருள். திண்டுக்கல் தியேட்டர் வாசலில் பொறுக்கியது, டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கியது, பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் காசுக்கு வாங்கியது என்று ஒவ்வொருவனிடமும் ஒரு சேகரிப்பு இருக்கும்.

பிலிமில் ஒரு அடிக்கு 16 படங்கள்; ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். ஆக நம் கையில் இருந்த அரையடித் துண்டு என்பது சினிமாவில் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு நாம் முழுப் படத்தையும் பார்த்தோம். ஒருவன் வசனம் சொல்லுவான், இன்னொருவன் பாட்டுப் பாடுவான்.

இதே வேலையை வளர்ந்தவர்கள் முறையாகச் செய்தபோதுதான் நான் சொல்லவந்த சரித்திரம் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற தொடர் ஆரம்பித்தது. விண்வெளிக் கப்பல் ஒன்றில் பல நாட்டு மனிதர்களும், உணர்ச்சியை அடக்கி ஆளும் கூர்காது ஆசாமி ஒருவரும் சேர்ந்து பயணம் போகும் கதை. பார்ப்பவர் எண்ணிக்கை போதவில்லை என்று இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்பார்த்தார்கள். ஜான், பிஜோ ட்ரிம்பிள் என்ற ரசிகத் தம்பதியர் முன்னின்று கடித இயக்கம் நடத்தினார்கள். நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்து, தொடர் மூன்றாம் ஆண்டுக்குப் பிழைத்தது. அதற்கு மேல் முடியவில்லை. 79 பகுதிகளோடு, 1969 ஜூன் 3ஆம் தேதி புதுப் பகுதிகள் நின்றன. மனிதன் நிலவில் கால் வைத்தது அதற்கு ஏழு வாரம் கழித்து. விண்வெளிக் கதையை நிறுத்திய நேரத்தைப் பாருங்கள்!

தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் பக்கத்திலிருந்து ஒரு தபால் வணிகம் நடந்தது. படத்தொகுப்பு அறையில் வெட்டி ஒதுக்கிய பிலிம் துண்டுகளை ரசிகர்களுக்கு விற்றார்கள். நம் பெட்டிக்கடை வியாபாரமேதான், அளவு மட்டும் பெரிது. அப்படி ஒதுக்கப்பட்ட துண்டுகளைக் கொண்டு 1975இல் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கேண்டி ஃபாங் என்ற ரசிகை ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு படத்தையும் ஸ்லைடாக்கினார். டேப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அதன் வரிகளுக்கு ஏற்ப ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினார். முதலில் எடுத்தது பழைய மாலுமிப் பாட்டு மெட்டில் ரசிகர்கள் கட்டிய ஒரு கேலிப் பாட்டு. தொடர் நின்று ஆறு ஆண்டு ஆகியும், அறை நிறைய உட்கார்ந்து பார்த்தவர்கள் தங்கள் பழைய ஆட்கள் பாட்டுக்கு அசைவதுபோல் கண்டார்கள். ரசிகர் பாட்டுப் படங்களின் வரலாற்றை எழுதிய பேராசிரியை ஃபிரான்செஸ்கா கொப்பா, இந்த ஸ்லைடு காட்சியிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்.

1980இல் அதே பெண்மணி செய்த இன்னொரு காட்சிக்கு, கூர்காது ஆசாமியாக நடித்த லெனார்ட் நிமாயே பாடிப் பதிந்திருந்த பாட்டை எடுத்துக்கொண்டார். எந்நேரமும் முகத்தில் உணர்ச்சி காட்டாத அந்தப் பாத்திரத்தின் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதைப் பாட்டு சொல்வதுபோல் படங்களை அடுக்கினார். இது வெறும் கொண்டாட்டம் இல்லை. தொடரில் எழுதாமல் விட்டதை ரசிகர் எடுத்துச் சொல்வது. நம் பக்கத்தில் சொன்னால் உரையாசிரியர் வேலை.

இதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. 1936இல் நியூயார்க்கில் ஜோசப் கார்னெல் என்ற கலைஞர், 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற 1931ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, கதாநாயகி ரோஸ் ஹோபார்ட் வரும் இடங்களை மட்டும் பெரும்பாலும் வெட்டி ஒட்டினார். நீலக் கண்ணாடி வழியாகத் திரையில் விழவிட்டு, பிரேசில் நாட்டு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். காட்சிக்கு வந்திருந்த ஓவியர் சல்வதோர் டாலி, 'என் மனதில் இருந்த யோசனையைத் திருடிவிட்டான்' என்ற கோபத்தில் ப்ரொஜெக்டரைத் தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். ஒரு நடிகையின் மேல் வைத்த பிரியம்தான் அந்தப் படத்துக்கு முழு முதலீடு.

இரண்டு டெக், ஒரு ஸ்டாப்வாட்ச்

1980களில் வீடியோ டெக் வந்ததும் ஸ்லைடு போய், அசையும் படம் வந்தது. 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்', இங்கிலாந்தின் 'பிளேக்ஸ் செவன்' போன்ற தொடர்களின் ரசிகைகள் வீட்டில் இரண்டு டெக்குகளை ஒயரால் இணைத்து வேலை செய்தார்கள். ஒன்றில் தொடர் பதிந்த கேசட், மற்றதில் காலி கேசட்.

இன்று கைப்பேசியில் விரலால் தேய்த்து முடிக்கும் வேலை அன்று எப்படி நடந்தது என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். முதலில் பாட்டின் ஒவ்வொரு வரியும் எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். பிறகு அந்த அளவுக்கு ஒவ்வொரு காட்சியையும் தேடிப் பதிவார்கள். பதிவை நிறுத்திவைத்தால் டேப் கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிடும். எவ்வளவு நகரும் என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கணக்கு. அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். சில நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் தலை தேயாமல் இருக்க மெஷின் தானாக விடுபட்டுவிடும். அதற்குள் அடுத்த காட்சியைக் கண்டுபிடித்தாக வேண்டும். நடுவில் ஒரு காட்சி தவறினால் போய்த் திருத்த முடியாது; அங்கிருந்து கடைசி வரை திரும்பச் செய்ய வேண்டும். படமெல்லாம் முடிந்த பிறகுதான் பாட்டை மேலே ஏற்றுவார்கள். பாட்டு ஓடும்போதுதான் நாம் போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரியும்!

இப்படிச் செய்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் இரவில் செய்தார்கள். விற்கவில்லை. மாநாடுகளில் போட்டுக் காட்டினார்கள். தபாலில் கேசட் அனுப்பினால் பதிந்து கொடுத்தார்கள். படச்சுருளை வெட்டி ஒட்டுவது சினிமாவின் ஆரம்ப காலத்தில் ஹாலிவுட்டிலும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த வேலைதான். தையல் வேலை மாதிரி என்று நினைத்துக் கொடுத்திருப்பார்கள் போலும். 1992இல் ஹென்றி ஜென்கின்ஸ், கமில் பேகன்-ஸ்மித் இருவரும் தனித்தனியே எழுதிய புத்தகங்களில்தான் இந்தப் பெண்களின் வேலை முதன்முதலாகக் கல்வித்துறையின் கவனத்துக்கு வந்தது.

நம் திண்டுக்கல்லில் அதே காலத்தில் டெக் எதற்குப் பயன்பட்டது? கல்யாண வீடியோவுக்கு. ஸ்டுடியோக்காரர் மூன்று மணி நேரக் கேசட்டில் மாலை மாற்றும் இடத்துக்கு ஒரு இளையராஜா பாட்டு, பெண் விடைபெறும் இடத்துக்கு ஒரு சோகப் பாட்டு, மாப்பிள்ளை முகத்தை இதய வடிவத்துக்குள் வைத்து ஒரு 'மிக்ஸிங்' என்று ஜமாய்த்திருப்பார். சிரித்துக்கொண்டே பார்ப்போம். ஆனால் நன்றாக யோசித்தால், சினிமாப் பாட்டின் உணர்ச்சியைக் கடன் வாங்கி வேறொரு படத்தின் மேல் ஏற்றும் வித்தையை நம் ஊர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். இன்றைய 'எடிட்' பிள்ளைகள் அந்தக் கல்யாணக் கேசட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள்.

நம்மிடம் வந்த கதை

2005இல் யூடியூப் வந்தது. கேசட் தபால் நின்றது. அதற்குச் சற்று முன் 2002இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிலையம் 'ஃபயர்ஃபிளை' என்ற தொடரை, எடுத்த 14 பகுதிகளில் 11ஐ மட்டும் ஒளிபரப்பி நிறுத்தியது. ஒரு பருவம்கூட முழுதாகப் பிழைக்காத அந்தத் தொடருக்கு ரசிகர்கள் செய்த பாட்டுப் படங்கள் ஏராளம். டிவிடி நன்றாக விற்றது; 2005இல் திரைப்படமாகவும் அந்தக் கதை திரும்பி வந்தது. ரசிகர் கூச்சல் ஒரு கதைக்கு உயிர்ப்பிச்சை வாங்கித் தந்த அபூர்வ உதாரணம்.

இந்தியாவில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது ஸ்டார் பிளஸ் சானலின் 'இஸ் பியார் கோ க்யா நாம் தூ' என்ற இந்தித் தொடர். 2011 ஜூன் மாதம் ஆரம்பித்தது. பருண் சோப்தியும் சனாயா இரானியும் ஜோடி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நாயகன் விலக முடிவுசெய்ததால், 398 பகுதிகளோடு 2012 நவம்பர் 30ஆம் தேதி முடித்துவிட்டார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. அன்றிலிருந்து ஆண்டுக்கணக்காக அந்த ஜோடிக்கு 'வி.எம்.' செய்துகொண்டே இருந்தார்கள். 2017இல் இணையத்துக்காக ஒரு சிறு தொடராக அந்த ஜோடி திரும்ப வந்ததற்குப் பின்னால் அந்தக் கூட்டத்தின் விடாப்பிடி இருந்தது.

அதுவே விஜய் டிவியில் 'இது காதலா' என்று தமிழ் பேசி வந்தபோது நம் பெண்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். லக்னோவிலும் டெல்லியிலும் நடக்கும் கதை, வடநாட்டு முகங்கள், அதன் மேல் யுவன் சங்கர் ராஜா பாட்டோ ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டோ! பார்த்தால் பொருந்தவே கூடாது. பொருந்துகிறது. தமிழ்ப் பாட்டில் காதல் சொல்லும் வழி நமக்கு ரத்தத்தில் ஊறிக்கிடப்பதால், பாட்டு ஆரம்பித்த பத்து வினாடிக்குள் அந்த இந்தி நாயகன் நம் பக்கத்துத் தெருப் பையன் ஆகிவிடுகிறான். டப்பிங்கில் வாய் மட்டும்தான் தமிழானது. பாட்டுப் படத்தில் மனசும் தமிழாகிவிட்டது.

2020 வேறு மாதிரி. மார்ச் மாதம் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு முழுவதும் நின்றது. மாதக்கணக்கில் பழைய பகுதிகளையே திரும்பப் போட்டார்கள். சில தொடர்கள் மீண்டும் வரவேயில்லை. சன் டிவியில் ரேவதி நடித்த 'அழகு' அப்படி நின்றது. 'தமிழ்ச்செல்வி', 'கல்யாணப் பரிசு' ஆகியவையும் அந்த அலையில் போயின. விஜய் டிவியில் 'அரண்மனைக்கிளி' நின்றது. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. வெளி மாநிலத்திலிருந்து நடிகர்கள் வரமுடியாது, செட்டில் கூட்டம் சேரமுடியாது, விளம்பரமும் இல்லை.

ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிலை என்ன? எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூர். ஊரடங்கில் யாரும் வாசல்படி ஏறாத அந்த நாட்களில் ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணி என்று ஒவ்வொரு சீரியலும் அவர்களுக்கு வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி. 'அழகு' வராதாம் என்று தெரிந்தபோது, 'சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்களே தம்பி' என்று என்னிடம் வாசலில் நின்று சொன்னார்கள். அந்த வசந்தத்தில் சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள் தொடரில் மட்டுமா இருந்தார்கள்? துக்கத்துக்குப் போகமுடியாமல், முகம் பார்க்காமல், எத்தனை பேரை அனுப்பிவைத்தோம்! அந்த அம்மாவின் தங்கையும் அந்த ஆண்டில்தான் கரூரில் தவறினார்கள்.

அவர்களுடைய பேத்தி, கல்லூரியில் படிக்கும் பெண், தொடரில் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் காட்சிகளைப் பொறுக்கி ஒரு அம்மா பாட்டின் மேல் ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஸ்டேட்டஸாகவும் வைத்தாள். அந்த மார்ச் கடைசியில் கம்பிவட நெரிசல் தாங்காமல் இந்தியாவில் ஸ்டேட்டஸ் வீடியோவை 30 வினாடியிலிருந்து 15 வினாடியாகக் குறைத்திருந்தார்கள் என்பது நினைவிருக்கலாம். அதனால் துண்டு துண்டாகத்தான் போட முடிந்தது. அந்த அம்மா அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தார்கள் என்று கணக்கில்லை. கடைசிக் காட்சியாக அந்தப் பெண் வைத்திருந்தது, குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய காட்சி. 'எல்லாரும் நல்லா இருக்காங்க பாருங்க' என்று எனக்குக் காட்டினார்கள். கதை முடிந்துவிட்டது அவர்களுக்கு.

தூணில் நிற்கும் கணம்

முன்பின் தெரியாத ஒருவருக்கு இந்தப் படங்களைக் காட்டினால் ஒன்றும் புரியாது. யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள், யாரோ அழுகிறார்கள், ஒரு கதவு மூடுகிறது. தொடரைப் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்தக் கதவு எந்தக் கதவு என்று தெரியும்.

நம் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உலகளந்தவர் காலைத் தூக்கிவிட்டார். மாவலி வாக்குக் கொடுத்தது தூணில் இல்லை. இரணியனோடு நரசிம்மர் போர் செய்கிறார்; பிரகலாதன் பட்ட பாடு தூணில் இல்லை. ரதியும் மன்மதனும் தனித்தனித் தூணில் நிற்கிறார்கள். சிற்பி முழுக் கதையைச் சொல்லவில்லை. கதை பார்க்கிறவனுக்குத் தெரியும் என்ற தைரியத்தில், அதில் ஒரே ஒரு கணத்தை எடுத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டான். மீதியைப் பார்க்கிறவன் போட்டுக்கொள்கிறான். பெருமாளையும் சீரியலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கதையைப் பகிர்ந்துகொண்ட ஊருக்குத்தான் துண்டு போதும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓராண்டு முடிவா, நிரந்தர முடிவா?

இந்தப் படங்களுக்குச் சட்டத்தில் இடம் என்ன? காட்சி ஒருவருக்குச் சொந்தம், பாட்டு இன்னொருவருக்குச் சொந்தம். ஒட்டியவருக்கு உழைப்பு மட்டும் சொந்தம். அமெரிக்காவில் 2010இல், வணிக நோக்கமில்லாமல் விமர்சனமாகவோ விளக்கமாகவோ இப்படிச் செய்பவர்கள் டிவிடியின் பூட்டைத் திறந்து சிறு பகுதிகளை எடுக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சொந்த உபயோகம், விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்று விலக்கு இருக்கிறது. பாட்டுப் படம் அதில் அடங்குமா என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய விஷயம். நடைமுறையில் நடப்பது வேறு: ஒரு நாள் திறந்து பார்த்தால் படம் ஓடும், பாட்டு ஊமையாகியிருக்கும், அல்லது படமே இருக்காது. யூடியூபில் உரிமையாளரின் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு 2007 முதல் இருக்கிறது. 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதில் நம் பிள்ளைகள் வைத்திருந்தவை ஒரே நாளில் பார்வைக்கு எட்டாமல் போயின. பாட்டுக்காரருக்குச் சேரவேண்டிய பணம் சேரத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஊமையாக்கும் முன் ஒரு மனிதர் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. எல்லாம் மறந்திருக்காது. ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. கோப்பை முடிக்கும்போது எந்த எழுத்தைப் போடுகிறோமோ அதுதான் அதன் ஆயுள். ரெக்கார்டு ரூமில் இருந்த காலத்தில் ஓ.மு. என்று போட்டு அழித்த காகிதம் ஒன்றைத் தேடிக்கொண்டு இருபது ஆண்டு கழித்து வாரிசுகள் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். விதிப்படி நடந்ததுதான், ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் நடந்துகொண்டன. இங்கிலாந்தின் பி.பி.சி., 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களைச் சேர்ந்த பகுதிகள் பலவற்றை, டேப்பைத் திரும்பப் பயன்படுத்தவும் இடம் மிச்சம் பிடிக்கவும் அழித்துவிட்டது. யாருக்கு வேண்டும் இந்தப் பழசு என்ற நினைப்பு. ஆனால் அந்தப் பகுதிகள் ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. எப்படி? வீட்டில் டிவி பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்து வைத்த பள்ளிப் பிள்ளைகளால். நிறுவனம் ஓ.மு. போட்டதை ரசிகன் நி.மு. ஆக்கிவிட்டான்.

ஆகவே பேரனோ பேத்தியோ கைப்பேசியில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால், 'படிக்கிற வேலையைப் பார்' என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். எந்தத் தொடர், எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, யார் செய்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். யூடியூபை நம்பாமல் ஒரு பென்டிரைவில் ஒரு பிரதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதைப் புத்தகமோ, கல்யாணக் கேசட்டோ, தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்திய பிலிம் துண்டோ இருந்தால் அதையும் தூசி தட்டி எடுத்து வையுங்கள். வினிகர் வாடை அடிக்க ஆரம்பித்த பிலிமை மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். தனியாக, காற்றுப்படும்படி காகித உறையில் வையுங்கள்.

அடுத்த பதிவில் குடகனாற்றைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். பழைய வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவும்.